பென்சிலால் அழித்த பொட்டு

அக்காவின் கல்யாணத்துக்கு போட்டோகிராஃபரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் நான் திட்டப்போகிறவர்களில் முதல் ஆள் நானே.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முந்தைய கதை. அப்பாவும் அம்மாவும் கான் தெ மாஸ்கில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். நான் மட்டும் போர்ட் லூயியில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு துணிக்கடையில் தைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வரும் சீமாட்டிகளிடம் கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை பிரெஞ்சு பேசுவேன். அந்த நாலு வார்த்தைக்கு வீட்டில் இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. போட்டோ விஷயத்தை நீயே பார்த்துக்கொள் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஃப்ளாக் சந்தைக்குப் பின்னால் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். முற்றத்தில் வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தார். பிறகு அக்காவை உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மூக்குத்தி எந்தப் பக்கம்? சிரித்தால் கண் மூடிக்கொள்ளுமா? மாப்பிள்ளையோடு பேசியிருக்கிறாயா? அந்த வீட்டில் யாரைக் கண்டாவது பயமா? அக்கா சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோ எடுக்க வந்தீர்களா, பெண் பார்க்க வந்தீர்களா என்று அடுப்படியிலிருந்து கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரையும் தெரிஞ்சுக்காம எடுத்தா, அது துணிமணியை எடுத்த படம்மா," என்றார்.

துணி தைக்கிறவளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அந்த நிமிஷமே அவர் பெயரை மனத்தில் அடித்துவிட்டேன்.

இன்னொருவன் போர்ட் லூயியில் பெரிய ஸ்டூடியோ வைத்திருந்தவன். கண்ணாடி அலமாரியில், தரையில் புரளும் வெள்ளை உடுப்பில் மணப்பெண்களின் படங்கள். வேலை விட்டு வரும்போது தினமும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பேன். அவன் எங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊர் எது, நேரம் என்ன, அவ்வளவுதான். அதுதான் கௌரவம் என்று நினைத்தேன். ஃப்ளாக் ஆளே போதும் என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். பட்டிக்காட்டுப் படம் வேண்டுமா உனக்கு என்று அவள் வாயை அடைத்தேன். கல்யாணம் அவளுடையது, பிடிவாதம் என்னுடையது.

கல்யாணத்தன்று அந்தப் பெரிய மனுஷன் காரில் வந்து இறங்கினான். சமையல் புகைக்கு மூக்கில் கைக்குட்டை. அக்காவின் பெயரைக் கேட்கவில்லை, அவளிடம் அவன் பேசியது ஒரே வார்த்தை. "பா பூஸே." அசையாதே என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். போதாததற்கு இரண்டு விரலால் அவள் மோவாயைப் பிடித்து, கடையில் பொம்மையைத் திருப்புகிற மாதிரி திருப்பினான். அவள் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. மூன்று படம் எடுத்தான், போய்விட்டான். நான் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து படத்தை வாங்கி, ஒட்டிய உறையைப் பிரிக்காமல், பெருமையோடு போர்ட் லூயி ஓரத்தில், ரோஷ் புவாவில் இருந்த அக்காவின் புகுந்த வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள். முதலில் கையில் வாங்கியது அக்கா புருஷன். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, தன்னுடைய கோட்டு எடுப்பாக விழுந்திருப்பதாகச் சொன்னார். அடுத்து அவருடைய அம்மா வாங்கினாள். எங்கள் வீடுகளில் பேச்சு தீவு மொழியான கிரியோல்தான். அவளும் கிரியோலில்தான் கேட்டாள், ஒரு சொல்லைத் தவிர.

"கேட் சா. கோத் பொட்டு?" இதைப் பார், பொட்டு எங்கே என்று.

எட்டிப் பார்த்தேன். அக்காவின் முகம் சோப்புப் போட்டுக் கழுவிய தட்டு மாதிரி வழவழவென்றிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. மூக்கில் மூக்குத்தி இல்லை. மகனுக்குப் பக்கத்தில் ஒரு முண்டச்சியை நிற்க வைத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று மாமியார் கத்தினாள். படத்தைக் குப்புறத் திருப்பி அலமாரிக்கு மேலே போட்டாள்.

அன்று முதல் பால் திரிந்தால் அந்தப் படம். மகன் விரல் மூட்டையில் நசுங்கினால் அந்தப் படம். படம் என்றால் அக்கா. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற அவளை விடவில்லை. புதிதாய் வந்த மருமகள், தாலி பளபளவென்று கழுத்தில் கிடக்க, விளக்கேற்றும் நேரத்தில் கொல்லைப்புறம் போய் நிற்க வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. பொட்டு இல்லை என்பதே அவர் அம்மா சொல்லித்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆளை அத்தான் என்று கூப்பிட அதற்குப் பிறகு எனக்கு நாக்கு வரவில்லை.

அலமாரி மேலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அவன் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். நெற்றியில் ஒரு 'தாஸ்' இருந்தது, அதாவது கறை, நெகட்டிவில் பென்சிலால் அடைத்துப் படத்தில் வெளுக்க வைத்துவிட்டேன் என்றான். மூக்கிலும் ஒரு வெள்ளைப் புள்ளி, கத்தியால் சுரண்டிவிட்டேன். எல்லோருக்கும் இப்படித்தான் சுத்தம் செய்து கொடுப்பேன் என்று சிரித்தான். எத்தனை நேரம் எதிரே நின்று பார்த்தான் அவளை! பொட்டுக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை அவனுக்கு. பென்சிலைத் துடைத்து வேறு படம் போட்டுக் கொடு என்றேன். முடித்த வேலையில் கை வைக்க மாட்டானாம். என் கையிலிருந்த படத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, இடது புருவத்துக்கு மேலே ஒரு மைப்புள்ளியைக் குத்தி, இப்போது சரியா என்று நீட்டினான். எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையும் அந்தச் சமயத்தில் வரவில்லை. கிரியோலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

வேறு வழியில்லாமல் ஃப்ளாக் கடைக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்காமல் போனாயே என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படத்தை வெகு நேரம் பார்த்தார். பொட்டைப் பற்றி அல்ல, மோவாயைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"யாரோ புடிச்சுத் திருப்பியிருக்காங்க. பயந்திருக்கு பொண்ணு."

மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றார். கல்யாணப் புடவை, மாலை எல்லாம் வேண்டும். ஜோடியாக வர வேண்டும். மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வர வேண்டும், ஒளிந்து வந்தால் எடுக்க மாட்டேன் என்றார். ரோஷ் புவாவுக்குப் போய் அக்கா புருஷனை வாசலில் பிடித்தேன். வருகிற ஞாயிறு காலை ஃப்ளாக் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமையே அக்கா கான் தெ மாஸ்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிறு கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, இரண்டு மாலைகளை வாழையிலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. நிலையத்தில் நின்றோம். போர்ட் லூயி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும்வரை அக்கா வாசலையே பார்த்தாள். வெயில் உச்சிக்கு ஏறியது. கடைக்காரரே குடையோடு தேடி வந்து, அவளுக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்த ஆள் வரவில்லை. நான் அவரை, அவர் அம்மாவை, அந்தக் கோட்டையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். சந்தைக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

இன்னொரு நாள் பார்க்கலாம், ஜோடியாகத்தானே எடுப்பதாகச் சொன்னேன் என்றார் கடைக்காரர் மெதுவாக.

"இன்னைக்கே எடுங்க," என்றாள் அக்கா. "கல்யாணப் படம்தான். வந்தவங்களை மட்டும் எடுங்க."

கடையில் மாப்பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். எனக்கிருந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளை மாலையை அந்தக் காலி நாற்காலிக்குப் போடப் போனேன். கடைக்காரர் என் கையைத் தடுத்தார். அது செத்தவர்களுக்குச் செய்வது, வராத மனுஷனுக்குக்கூட அதைச் செய்யக் கூடாது என்றார். அக்கா ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தொடவில்லை. அசையாதே என்று சொல்லவில்லை. உனக்கு எப்போது சரியோ அப்போது என்னைப் பாரம்மா என்றார். அவள் பார்த்த பார்வை அப்படியே படத்தில் இருக்கிறது. பொட்டு, மூக்குத்தி, கையில் யாருக்கோ காத்திருக்கும் மாலை.

அதைச் சட்டம் போட்டு வாங்கி, ரோஷ் புவா வீட்டின் முன்னறையில் அவளே ஆணி அடித்து மாட்டினாள். இது என்ன கோலம் என்று மாமியார் குதித்தாள். "இதுல பொட்டு இருக்கு மாமி," என்றாள் அக்கா. பொட்டும் பூமாலையுமாக நிற்கும் சுமங்கலியைக் குப்புறப் போட அந்த அம்மாளுக்குக் கை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கா யாரையும் கேட்காமல் விளக்கேற்றினாள்.

எனக்கு அது போதவில்லை. எப்படிப் போதும்? அந்த மனுஷன் அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் இன்றும் சாப்பிடுகிறார். வீட்டுக்கு வருகிற புது ஆள் யாரும் கேட்காமல் இருப்பதில்லை, கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை எங்கே என்று. அக்கா பரிமாறிக்கொண்டே, அவரையே கேளுங்கள் என்பாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி, அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் என்பார்.

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. காய்ச்சல்தான் இன்னும் இறங்கவில்லை.