ஈசா டவுனில் தாழ்ந்த குரலில் ஒரு ராக் அண்ட் ரோல்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அல் ஐனிலிருந்து கிளம்பினேன். அபுதாபி விமான நிலையம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து சவூதியின் தம்மாமுக்கு விமானம். நான் நர்ஸ். கணவர் சேவியர் ஜுபைலில் ஒரு ரசாயன ஆலையில் டெக்னீஷியன், கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் தங்கியிருக்கிறார். தம்மாமிலிருந்து அவர் காரில் இருவருமாகக் கடல் பாலத்தைத் தாண்டி, பஹ்ரைனில் ஈசா டவுனில் இருக்கும் என் அக்கா ரெஜினா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மறுநாள் அவளுக்கும் மச்சானுக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள்.

அக்கா என்னிடம் கேட்ட பரிசு, அவள் கல்யாணத்தில் நான் பாடிய பாட்டு. பழைய அமெரிக்க ராக் அண்ட் ரோல். கப்பலில் வேலை பார்த்த அப்பா தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த இசைத்தட்டில், ஒரு வெள்ளைக்கார இளைஞன் அதை உச்சக்குரலில், மூச்சுவிடாத வேகத்தில் பாடியிருப்பான். உலகமெல்லாம் ஓடிய பாட்டு.

போன வருஷம் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேச்சு பிழைத்தது, மேல் ஸ்தாயி போய்விட்டது. அது திரும்பாது என்றார் டாக்டர். அதன்பின் அல் ஐன் சர்ச் பாடகர் குழுவுக்குப் போவதை விட்டேன், தனியாக இருக்கும்போதுகூட நான் பாடவில்லை. முடியாது என்பதை அக்காவிடம் நேரிலேயே சொல்லிவிடும் எண்ணத்தில்தான் பயணப்பட்டேன்.

தம்மாமில் இறங்கியதும் அதைச் சேவியரிடம் சொன்னேன். அவர் பாலத்துக்கு முன் அல் கோபாரில் வண்டியை நிறுத்தி, இரண்டு ரியாலுக்கு ஒரு கப் கரக் சாயா வாங்கித் தந்தார். பின் இருக்கையில் அவருடைய கிட்டார் இருந்தது.

மாலை நாலரைக்குப் பாலம் ஏறினோம். இருபத்தைந்து கிலோமீட்டர், இரு பக்கமும் வெளிர்பச்சைக் கடல். நடுவில் ஒரு தீவு. பாஸ்போர்ட் பார்ப்பது அங்கேதான். வார விடுமுறைக் கூட்டம், கார்கள் ஊர்ந்தன. அந்த வரிசையில்தான் சேவியர் போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டார்.

அதே பாட்டு. ஆனால் பாடியது ஒரு பெண். கனத்த, அடிவயிற்றுக் குரல். அவசரமே இல்லாமல், சண்டைக்கு நிற்பவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தாள். அந்த இளைஞனுக்குச் சில வருஷம் முன்பே இந்தக் கறுப்பினப் பெண் பாடியதுதான் முதல் பதிவு என்றார் சேவியர். அவன் அதை மேலே ஏற்றி வேகமாக்கினான். அவன் பதிவு கடல் தாண்டிப் போனது, இவளுடையது எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.

"ஒனக்குள்ள பாட்டு இதான் ஜெசி," என்றார். "இத்தன வருசமா நாம அவன் பாடுனதத்தான் பாடிக்கிட்டு இருந்திருக்கோம்."

கேம்பில் ஒரு மாதமாக இதே சுருதியில் வாசித்துப் பழகியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டாம் முறை ஓடியபோது முதல் வரியை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். குரல் உடையாமல் நின்றது. நான்காம் முறை கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். சோதனைச் சாவடி வந்ததுகூடத் தெரியவில்லை. அதிகாரி கண்ணாடியைத் தட்டி, பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு "யல்லா" என்று அனுப்பிவைத்தார்.

வெள்ளி மாலை அக்கா வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருக்கும். சேவியர் மெதுவாகத் தொடங்கியதும் ஆடத் தயாராக நின்ற மச்சான் குழம்பிப்போனார். நான் கீழேயிருந்து எடுத்தேன். இரண்டாம் சரணத்தில் குரல் ஒருமுறை பிசிறியது. நிறுத்தாமல் அதன்மேலேயே ஏறிப் போனேன். யாரோ நிதானமாகக் கைத்தட்டித் தாளம் பிடித்தார்கள். பிறகு கூடமே தட்டியது. அக்கா மச்சானை இழுத்துக்கொண்டு, வேகப் பாட்டுக்கு ஆட முடியாத ஆட்டத்தை நெருக்கமாக ஆடினாள்.

முடிந்ததும் என் கழுத்துத் தழும்பைத் தொட்டாள்.

"இது எப்பவும் பாடுறதவிட நல்லாருக்குட்டி," என்றாள். எனக்காகச் சொன்ன பொய்யா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

சனிக்கிழமை சேவியர் பாலத்துக்குத் திரும்பினார், நான் விமான நிலையத்துக்கு. விமானம் ஏறக் காத்திருந்தபோது அல் ஐன் சர்ச் பாடகர் குழுவின் தலைவிக்கு மெசேஜ் எழுதினேன்: அடுத்த வாரம் வருகிறேன், உச்சக்குரல் வரிசையில் எனக்காக வைத்திருக்கும் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் இனி கீழ்க்குரல் வரிசை, ஆல்ட்டோ.