கை நுழையும் இடைவெளி

தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கும் முன்பே சோப்பு டப்பாவை மேசைமேல் படுக்க வைக்கிறார். அதன் பக்கத்தில், பழைய அட்டையில் வெட்டிய ஒரு சதுரம். "இது மதர்போர்டு, இது பவர் சப்ளை. இப்ப விசிறி எங்க உக்காரும், சொல்லு பாப்போம்?" என்று மனைவியைக் கேட்கிறார். அவளுக்கு வாயில் இருப்பதை விழுங்க நேரமாகிறது. அதற்குள் அவரே உப்பு டப்பாவின் மூடியைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்திவிட்டு, "இங்கதான்" என்கிறார்.

அலமாரியில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே செருகிவிடலாம் போலச் சின்னதாகக் கம்ப்யூட்டர் பெட்டி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. வெளி அழகு வேறு ஆட்கள் பொறுப்பு. உள்ளே எது எங்கே உட்கார வேண்டும், எந்த ஒயர் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், சூடு எப்படி வெளியேற வேண்டும் என்பது இவர் பாடு. திரையில் வரைவதோடு அவருக்கு மனம் ஆறாது. வீட்டுக்கு வந்து அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். பாகங்களை மாட்டிப் பெட்டிகளைப் பூட்டுகிற பெண்கள் அவருக்கு 'அட்டைப்பெட்டி சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "பரவால்ல, படிச்சு வாங்காத பட்டம்" என்றார்.

வீட்டில் எந்தச் சந்து பொந்தையும் அவர் சும்மா விடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். எந்த அறைக்குள் போனாலும் ஜன்னலைத் திறந்த கையோடு எதிர்க் கதவையும் திறப்பார். "காத்து வந்தா மட்டும் போதுமா? போறதுக்கு வழி வேணாமா?" என்பார். பஸ்ஸில் நெரிசல் என்றால் முன்பின் தெரியாதவர்களிடம், "நீங்க கொஞ்சம் திரும்பி நின்னா இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று சொல்லித் திட்டு வாங்குவார். "ஸ்க்ரூ ஒண்ணுதான் குறைச்சல், இருந்தா மனுசங்களையும் மாட்டி விட்டுருவீங்க" என்பாள் அவள்.

அட்டை மாதிரி முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் பொருத்திய பிறகு கடைசியாக விசிறியின் ஒயரை உள்மூலையில் செருக வேண்டும். அதற்கு ஒரு கை போக வழி வேண்டும். அந்தக் கை அவளுடையது. பாதியில் பள்ளியை விட்டவள், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சில வருடங்கள் அதே கம்பெனியில் பெட்டி பூட்டியவள். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விடுவாள்.

"இடிக்குதா?"

"இடிக்கல."

அடுத்த நாள் ஆபீசில், "வீட்டம்மா பாஸ் போட்டாச்சு" என்று வரைபடத்தை நீட்டுவார்.

இந்த வருடம் பெட்டி இன்னும் ஒரு விரல் அகலம் குறைய வேண்டும் என்று முதலாளி சொன்னார். பெட்டி இளைக்கத் தொடங்கிய அதே நாட்களில் அவளும் இளைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. அவள் தனியாகப் போய்ப் பார்த்த டாக்டர், வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். கணவரோ பெட்டியே கதி என்று கிடந்தார். அது முடியட்டும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டாள். கடிகாரம் கழன்று விழுந்தபோது, அவர் அட்டையில் துளை போடும் குத்தூசியை எடுத்து வாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாள். பிறகு அதற்கும் உள்ளே இன்னொன்று.

புதிய மாதிரிக்குள் அவள் கை எங்கும் உரசாமல் போய் வந்தது. இந்தச் சந்தில் வேறு எவள் கையும் போகாது என்று அவளுக்கு அப்போதே தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் மணிக்கட்டைக் காட்ட வேண்டும்.

"இடிக்குதா?"

"இடிக்கல" என்றாள். அது பொய்யும் இல்லை.

பெட்டிகள் தயாராகி வந்த வாரத்தின் விடுமுறை நாளில், பெட்டி பூட்டும் பெண்களுக்குத் தலைவியாக இருப்பவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விரல் முட்டி ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி.

"சார், எந்தப் பேயோட கைய வெச்சு இத அளந்தீங்க? எங்க கையெல்லாம் என்ன எலி வாலா? அங்க ஒருத்தி விடாம ரத்தம்!"

"சும்மா சொல்லாத. என் பொண்டாட்டி கை போச்சு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கை. ஒரு ஜோடி கையுறைய மாத்தி மாத்திப் போட்டவங்கதானே நீங்க?" என்றார் அவர். அட்டை மாதிரியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். "விட்டுக் காட்டும்மா."

மனைவி தயங்கினாள். பிறகு சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். போயிற்று. அடுத்து, வீடு தேடி வந்த தலைவி விட்டாள்; அவள் கை விரல் முட்டியோடு நின்றுவிட்டது.

சிரிக்கத்தான் வாயெடுத்தாள் வந்தவள். பெட்டியை விட்டுவிட்டுத் தோழியின் கையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னடி இது?"

மனைவி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "சரி, அடுப்புல ஒண்ணு வெச்சிட்டு வந்தேன்" என்று முணுமுணுத்தபடி வந்தவள் செருப்பைத் தேடினாள். கொடுத்த டீ அப்படியே இருந்தது.

கதவு சாத்திய பிறகு அவர் கேட்டார். "எப்பலேருந்து?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும்.

"தெனமும் உன் கையத்தானேம்மா பாத்துட்டு இருந்தேன்?"

"கைய எங்க பாத்தீங்க? பக்கத்துல இருந்த இடைவெளியத்தான் பாத்தீங்க." கேலியாகத்தான் சொல்ல நினைத்தாள்.

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றினார். குத்தூசி போட்ட ஓட்டைகளை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு பல வருடங்களாகத் தேய்ந்து அகன்றிருந்த பழைய ஓட்டையில் வாரை மாட்டினார். கடிகாரம் தொங்கிச் சரிந்தது. வாருக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரலை விட்டார். போயிற்று. இன்னொரு விரலை விட்டார். அதுவும் போயிற்று. மூன்றாவதும் இடிக்காமல் உள்ளே போனது. அவர் விரல்களை வெளியே எடுக்கவில்லை.