செல்வநாயகி போட்ட கையெழுத்து

டாக்டர் செல்வநாயகி பிரின்சிபால் ஆனபோது கல்லூரியே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வேதியியல் துறையில் அவருக்குச் சமமாகக் குப்பை கொட்டியவள் நான். அவருக்கு ஆய்வகம்தான் உயிர் என்று எனக்குத் தெரியும்.

காரமடைக்காரர், தாவரவியல். உடுமலைப்பேட்டைப் பக்கம் வேர் வாடல் நோய் வந்து தென்னந்தோப்புகள் காலியானபோது, பொங்கியண்ணன் என்ற விவசாயியின் தோப்பில் ஒரே ஒரு மரம் மட்டும் நோய் அண்டாமல் காய்த்துக்கொண்டிருந்தது. அதன் இளம்பாளையிலிருந்து திசு எடுத்துக் கண்ணாடிக் குப்பிகளில் கன்று வளர்க்கக் கிளம்பினார் செல்வநாயகி. தென்னை இந்த வேலைக்கு லேசில் மசியாது. வருடக்கணக்கில் எல்லாம் கருகிக்கொண்டே இருந்தது. மனுஷி விடவில்லை. கடைசியில் குப்பிகளுக்குள் பச்சையாக இலை விட்டபோது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேத்தி பிறந்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் தாளாளர் மனைவியோடு அவர் வீட்டுக்கு வந்தார். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பொண்ணு கேட்கிற தோரணை.

"நம்ம காலேஜுங்க. நீங்க பாக்காம வேற யாருங்க பாக்கறது?"

எங்கள் ஊரில் அதிகாரமாகக் கேட்டால் மறுத்துவிடலாம். மரியாதையாகக் கேட்டால் தப்பிக்க வழியே கிடையாது. செல்வநாயகி தட்டை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அங்கீகாரக் குழு, பஸ் கட்டணம், ஹாஸ்டல் சாம்பார், வருகிறவர்களுக்கெல்லாம் பொன்னாடை. குப்பிகளை லோகப்பிரியா என்ற உதவிப் பேராசிரியை பார்த்துக்கொண்டாள். கன்றுகளில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்காக வேறொரு ஆய்வகத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டும் என்று செல்வநாயகி சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம்தான் வாய்க்கவில்லை.

இதற்கிடையில் ஒருநாள் பொங்கியண்ணன் போன் செய்தார். அந்த மரம் இருக்கிற இடத்தில் மகன் குடோன் கட்ட வேண்டும் என்கிறான், வெட்டலாமா என்று கேட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வெட்டிக்கோங்கண்ணா. அதோட தென்னம்பிள்ளைங்க எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க. ஆடியில கொண்டாந்து குடுத்துப்போடறேன்" என்றார்.

பொங்கியண்ணன் மரத்தை வெட்டினார். நோயில் மரங்கள் செத்த நிலத்தில் வரிசையாகக் குழியும் எடுத்து வைத்தார்.

எங்கள் கல்லூரியில் கோடை விடுமுறைக்கு எல்லாக் கட்டடங்களிலும் ஏசியை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வரும். வருடா வருடம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குள் போய், "எங்க ரூமைத் தொடக்கூடாதுங்க" என்று சண்டை போட்டு, குப்பிகள் இருக்கிற குளிர் அறைக்கு விலக்கு வாங்குவது செல்வநாயகிதான். இந்த வருடம் சண்டை போட வேண்டிய ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கொண்டுவந்த காகிதக் கட்டில் அதுவும் ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லோகப்பிரியா அதைப் படித்திருக்கிறாள். மேடமே கையெழுத்துப் போட்டிருக்கிறார், தனியாக ஏற்பாடு செய்யாமலா இருப்பார், நாம் போய்க் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று தயங்கியிருக்கிறாள். செல்போனில் ஒரு செய்தி தட்டி, அனுப்பாமலே அழித்துவிட்டாள். தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கும் போய்விட்டாள்.

திரும்பி வந்து அறையைத் திறந்தபோது உள்ளே அனலடித்தது. ஏசியைத்தான் நிறுத்தியிருந்தார்கள். டைமர் வைத்த விளக்குகள் மட்டும் தானாக எரிந்து தானாக அணைந்துகொண்டிருந்தன. ஒரு குப்பியில்கூடப் பச்சை இல்லை.

செல்வநாயகி ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். லோகப்பிரியா அழுதாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, அந்தப் பழத்தட்டின் மேல், எங்கள் ஊர் மரியாதையின் மேல்.

"ஏன் கண்ணு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?" என்று மட்டும் லோகப்பிரியாவிடம் கேட்டார் செல்வநாயகி.

மறுநாள் உடுமலைப்பேட்டைக்கு நான்தான் காரோட்டினேன். போனில் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பொங்கியண்ணன் காபி போடச் சொன்னார், விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். செல்வநாயகி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், கையெழுத்து உட்பட. ஜன்னலுக்கு வெளியே குழிகள் தெரிந்தன. பெரியவர் அவற்றையே பார்த்தபடி இருந்தார்.

"இனி அந்த மரம் இல்லீங்களே" என்றார், மெதுவாக. பிறகு, அப்படிச் சொன்னதே தப்பு என்பது போல, "பரவால்லீங்க, வுடுங்க" என்றார்.

செல்வநாயகி உடைந்துவிட்டார். "அப்படிச் சொல்லாதீங்கண்ணா. என்னைய நாலு வார்த்தை திட்டிப்போடுங்க. நீங்களாச்சும் திட்டுங்க."

பொங்கியண்ணன் பதறிப்போய் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, அத்தாப்பெரிய காலேஜு பிரின்சிபாலம்மாவ நான் எப்படீங்க திட்டறது?"