பத்து மஞ்சள் கோடுகள்

செல்வத்தின் காரில் ஒரு குறை. ஈரமான வளைவில் பிடிமானம் இல்லாத சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும், மற்றது இழுக்காது. அதைச் சரிசெய்ய, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் வைக்கும் ஸ்பிரிங் கிட் ஒன்றோடு, சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள தெம்பனிஸிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்தார். மறுநாள் எல்லைக்கு அப்பால் ஜொகூரில் அவருக்குப் பந்தயம்.

நான்தான் பொருத்தினேன். காரைத் தூக்கி ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். முன்பு எதிர்ப்பக்கம் சுழன்ற மற்ற சக்கரம், இப்போது கூடவே வந்தது.

“சூப்பர் லா அக்கா,” என்றார் செல்வம்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. உள்ளே பத்து போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகே அதன்மேல் மஞ்சள் கோடு போடுவது என் வழக்கம். அன்று, எந்த மீன் வாங்குவது என்று தேக்கா சந்தையிலிருந்து அம்மா போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது, கோடுகளை முதலில் போட்டுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் இறுக்கினேனா?

பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

“செல்வம், திரும்பப் பிரிக்கணும். போல்ட்ட இறுக்கினேனான்னு எனக்கே தெரியல.”

“நாளைக்கு ரேஸ் கா. கோடெல்லாம் இருக்கே.”

“அந்தக் கோட்ட நானே நம்பல.”

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு நடந்தார்.

மறுநாள், பந்தயம் அவரில்லாமல் நடந்துகொண்டிருந்தபோது, பிரித்தேன். பத்தும் இறுக்கமாகவே இருந்தன. போனில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“இனிமே என் கார நீங்கதான் பாக்கணும் கா,” என்றார்.

எத்தனையோ கார்களைச் சரிசெய்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்வது, தேவையே இல்லாமல் பிரித்த அந்த ஒன்றைத்தான்.