ஒரு வகுப்பு கீழே

டெல்மர் பிக்ஸ்பி அமெரிக்காவின் ஆர்கன்சா மலைச்சாலைகளில் கோழித்தீவன லாரி ஓட்டி ஓய்ந்தவர். மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் கிளப்பின் தற்காப்புத் துப்பாக்கிப் போட்டிக்கு வருவார். வந்து, எக்ஸ்பர்ட் என்ற மேல் வகுப்பில் கடைசியாக நிற்பார்.

எங்கள் விளையாட்டில் எல்லோரும் எல்லோரோடும் மோதுவதில்லை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு குறி தப்பாமல் சுடுகிறார் என்று தேர்வு வைத்து ஆளை ஒரு வகுப்பில் போடுவோம். ஏறுவது எளிது, பெரிய போட்டி ஒன்றில் ஜெயித்தால் கேட்காமலே ஏற்றிவிடுவார்கள். டெல்மரையும் அப்படித்தான் ஏற்றினார்கள், அவர் கை நன்றாக இருந்த காலத்தில். இறங்குவதற்குத்தான் கேட்டு நிற்க வேண்டும். சுலபமான வகுப்பில் கோப்பை வாங்குவதற்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கண்டாலே டெல்மருக்கு ஆகாது. அவர் நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் கொஞ்சம் கடுமையாகவே பேசுவார்.

இப்போது கட்டைவிரல் மூட்டில் வாதம். விரல் சில நாள் கேட்கும், பல நாள் கேட்காது. தோற்பது அவருக்குப் பெரிதில்லை. அவர் சுட்டு முடித்ததும் இளவட்டங்கள் பரிதாபப்பட்டுக் கைதட்டுவதுதான் அலுத்துவிட்டது. ஒரு வகுப்பு இறங்கினால் தன் பழைய கூட்டாளி எல்வுட்டோடு மோதலாம், ஜெயிக்கலாம், வைது கொள்ளலாம். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

போட்டியை நடத்தும் ட்வைலாவிடம் போய்க் கேட்டார். மருத்துவர் சொன்னது மட்டும் போதாது, தேர்வை மறுபடி சுட வேண்டும், கீழ் வகுப்பு அளவுக்கு வந்தால் தலைமையகத்துக்கு எழுதுகிறேன் என்றாள்.

மார்ச் மாதக் காலை. குளிர். குளிரென்றால் விரல் மடங்காது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்று பார்த்து மடங்கியது.

டைமர் என் கையில் இருந்தது. முதல் ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் கூடி விழுந்தன. ஒரு கையால் சுட வேண்டிய ஐந்தில் நடுங்குவார் என்று பார்த்தேன், நடுங்கவில்லை. மூன்றாவது சுற்றில் குண்டுப்பெட்டியை மாற்ற வேண்டும். மாதாமாதம் அங்கேதான் கட்டைவிரல் அவரைக் கைவிடும். அன்று அதுவும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இப்படிச் சுட்டால் எங்கே இறங்குவது என்று பின்னால் நின்ற எல்வுட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

கடைசிச் சுற்று: ஆள் வடிவ அட்டை இலக்கின் உடம்பில் நாலு, தலையில் ஒன்று. நாலும் சடசடவென்று போயின. பிறகு துப்பாக்கி தலைக்கு நேராக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் சுட்டார்.

துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறையில் போட்டார். சுட ஆன நேரத்தோடு, குறி விலகியதற்கான அபராத நொடிகளையும் ட்வைலா கூட்டிப் பார்த்தாள். மயிரிழையில் கீழ் வகுப்பு.

எல்வுட் முதுகில் தட்டினான். "வாய்யா வா, எங்க குப்பைமேட்டுக்கு. அடுத்த மாசம் உன்னைக் கதற விடறேன் பாரு."

டெல்மர் சிரிக்கவில்லை. என்னிடம் டைமரைக் கேட்டார். அது ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாக நேரம் குறித்து வைத்திருக்கும். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கிடந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் கை பண்ணுனதில்ல. நான் பண்ணுனது. இதை அனுப்ப வேணாம், ட்வைலா."

தலையில் சுடுவதென்றால் யாரும் நிதானிக்கத்தான் செய்வார்கள் என்றாள் அவள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. மனிதன் தன் தயக்கத்தின் காரணத்தை அறிவான் என்று நான் படித்த தத்துவங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆனால் டெல்மருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"யோவ், உன்னை யாருய்யா கேட்டா?" எல்வுட்டுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "மாசாமாசம் நீ அங்க தனியா நிக்கறதைப் பாக்கறவன் நான்."

அப்படியானால் இப்போதே மறுபடி சுடுங்கள் என்றாள் ட்வைலா. கை ஓய்ந்துவிட்டது, இப்போது சுட்டால் மோசமாகத்தான் வரும், அது தெரிந்தே சுடுவதும் வேண்டுமென்றே மெதுவாகச் சுடுவதும் ஒன்றுதான் என்றார் டெல்மர்.

"அப்போ என்னிக்குத்தான் சுடுவீங்க?"

"அடுத்த தேர்வு நீங்க என்னிக்கு வைக்கிறீங்களோ, அன்னிக்கு. கை எப்படி இருக்கோ அப்படி."

அது இலையுதிர் காலத்தில்தான். அதுவரை எக்ஸ்பர்ட். ட்வைலா கணக்கை அழித்துவிட்டு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.

டெல்மர் ஒட்டுத்தாள் சுருளை எடுத்துக்கொண்டு அட்டை இலக்குக்கு நடந்தார். தன் ஓட்டைகளைத் தானே ஒவ்வொன்றாக மூடினார். தலையில் இருந்த ஓட்டை சரியாக நடுவில் இருந்தது. அதன் மேல் ஒட்டுத்தாளை வைத்து, மறுபடியும் மடங்காமல் விறைத்துவிட்ட கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினார்.