கடைசிப் பெயர் ஏன் இரண்டு தரம் வந்தது?

கொம்பியூட்டர் படிப்பிக்கிற தொழிலில், பிள்ளை எழுதிய புரோகிராம் ஓடவில்லை என்றால் முதலில் நெஞ்சு அடித்துக்கொள்வது படிப்பிக்கிறவனுக்குத்தான். அந்தக் கதிரையில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரைப் பக்கம் ஒரு சின்ன வகுப்பில் C மொழி படிப்பித்தேன். கல்குடாவிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள் சுகந்தி. டிப்ளோமாவுக்கு அவள் எழுதியது சின்ன புரோகிராம்தான். கோப்பில் இருக்கும் மாணவர் பெயர்களையும் புள்ளிகளையும் வாசித்துச் சராசரி சொல்ல வேண்டும். பரீட்சகர் கொழும்பிலிருந்து வர வேண்டும். பாதை மூடினால் அந்த வருடம் போனமாதிரித்தான்.

இருக்கிற கோப்பு இல்லை

முதல் நாளே "கோப்பு இல்லை" என்றது திரை. அவள் கோப்பைப் பதிந்து கொண்டுவந்த ஃப்ளொப்பியைப் பார்த்தோம், கோப்பு இருந்தது. திரும்ப ஓடவிட்டோம், இல்லை என்றது. அவளுக்குப் பக்கத்தில் இருந்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். கோப்பின் இடத்தை "a:\names.txt" என்று எழுதியிருந்தாள். சட்டென்று பிடிபட்டது. C மொழியில் அந்தச் சாய்கோடும் n எழுத்தும் சேர்ந்தால் 'அடுத்த வரிக்குப் போ' என்று அர்த்தம். பெயரை நடுவில் உடைத்துவிட்டு, அப்படியொரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தது இயந்திரம். இன்னொரு சாய்கோடு போட்டதும் பெயர்கள் மளமளவென்று இறங்கின. இரண்டு பேரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டோம்.

"ஒரு கோடு போட்டா தன்ட எண்ணத்துக்குப் போகுது சேர், ரெண்டு போட்டாத்தான் நாம சொல்றதக் கேக்குது," என்றாள் சுகந்தி.

ஃப்ளொப்பிக்குள் என்ன?

அடுத்த கிழமை அதே ஃப்ளொப்பியைப் போட்டால் கறகறவென்று சத்தம்தான் வந்தது. புரோகிராமும் அதற்குள்தான். வேறு பிரதி இல்லை. வழியில் என்ன நடந்தது என்று கேட்டேன். சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரர் அதைப் பையிலிருந்து எடுத்து, தகர மூடியைத் தள்ளி, உள்ளே இருந்த, கை பட்டாலே கெட்டுப்போகிற கறுப்புத் தட்டை விரலால் தடவிப் பார்த்தாராம். "தடவிப்போட்டு மறுகா குலுக்கியும் பாத்தார் சேர்," என்றபடி, முழுவதையும் முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். அவர் என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.

"'உள்ள ஒண்டும் இல்லத்தானே, போங்க' எண்டார்."

கடைசிப் பெயர்

பாதை திறந்திருந்தது, பரீட்சகர் வந்துவிட்டார். அதிகம் பேசாத மனிசன். கரண்ட் இல்லை; ஜெனரேட்டரில் ஓட்டினோம். தான் கொண்டுவந்த கோப்பை வாசிக்கச் சொன்னார். எல்லாப் பெயரும் வந்தன. கடைசிப் பெயர் மட்டும் இரண்டு தரம் வந்தது. சராசரியும் பிழை.

நான் வாய் திறக்கக் கூடாது. சுவரோடு நின்றேன். சுகந்தி திரையை விட்டுக் கிறுகித் திரும்பி, கடதாசியில் இரண்டு பெயர் எழுதி, இயந்திரம் வாசிப்பதுபோல விரலை வைத்து வாசித்துப் போனாள். எங்கள் கோப்பில் கடைசி வரிக்குப் பிறகு என்டர் அடிக்கவில்லை; அவருடையதில் அடித்திருந்தது. அதனால் கோப்பு இன்னும் முடியவில்லை என்று நினைத்து இயந்திரம் இன்னொரு தரம் வாசிக்கப் போகிறது. ஒன்றும் கிடைக்காமல், கையில் இருந்த பழைய பெயரையே திரும்ப எழுதுகிறது. அந்த இடத்தில் விரல் நின்றது. பெயர் கிடைத்ததா என்று பார்த்த பிறகே எழுதும்படி வரியை மாற்றினாள். ஜெனரேட்டர் இருமியது. திரை மங்கித் தெளிந்தது. கடைசிப் பெயர் ஒரே தரம், சராசரியும் சரி. கைதட்ட வேண்டும் போலிருந்தது, கையைக் கட்டிக்கொண்டேன்.

"பிழை இல்லாமக் கொண்டுவந்திருந்தா, நீங்க எழுதினதா எண்டு யோசிச்சிருப்பன். இப்ப யோசிக்கத் தேவையில்ல. நீங்க பாஸ்," என்றார் பரீட்சகர்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம், பிழையில்லாமல் புரோகிராம் எழுதியவர்களை எங்கள் வகுப்பில் ஒருவரும் மதிக்கவில்லை.