நடுப்பாறையில் நின்ற என் அக்கா

இயேசுவை நம்பி வாழும் என் உடன்பிறப்புகளே, சென்ற குளிர்காலத்தில் ராஸ் அல் கைமா மலையில், செங்குத்தான பாறையின் நடுவில், என் அக்கா குளோரி அசையாமல் நின்றுவிட்டாள். மேலே ஏற முடியவில்லை. கீழே இறங்கவும் முடியவில்லை. அவளுக்கு அடுத்துக் கீழே நான் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது.

நான் ஷார்ஜா முவைலாவில் இருக்கிறேன். கட்டுமான சைட்டில் சேஃப்டி இன்ஜினியர். அக்கா குவைத்தில் நர்ஸ். அங்கே அப்பாசியாவிலிருந்து என்னிடம் லீவுக்கு வந்திருந்தாள். எங்கள் சபை வாலிபர்கள் மலைக்குப் போகிறோம் என்றதும், "நானும் வாரேன்டி, வார்டையே பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு" என்று அவளே முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள்.

நாங்கள் ஏறியது வியா ஃபெராட்டா, அதாவது இரும்புப் பாதை. பாறையில் ஆணிகள் அடித்து, அவற்றின் வழியே கம்பிவடம் கட்டியிருப்பார்கள். கால் வைக்க இரும்புப் படிகள் இருக்கும். நம் இடுப்பு வாரிலிருந்து இரண்டு கொக்கிகள் வடத்தில் மாட்டியிருக்கும். ஒவ்வோர் ஆணி வரும்போதும் ஒரு கொக்கியை எடுத்து அடுத்த பக்கம் மாட்ட வேண்டும். பிறகுதான் மற்றது. இரண்டையும் ஒன்றாகக் கழற்றவே கூடாது. இன்னொரு விதி, இரண்டு ஆணிகளுக்கு நடுவில் ஒருவர்தான் நிற்க வேண்டும். ஒருவர் தவறினால் கீழே உள்ள ஆணி வரை வேகமாகச் சறுக்கி வருவார். வழியில் நிற்பவரையும் இடித்துத் தள்ளிவிடுவார்.

"ஏட்டி, கை மரத்துப் போச்சு. விட்டுருவேன் போல இருக்கு" என்றாள் அக்கா.

வழிகாட்டி ஒரு நேபாளி, பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வளைவுக்கு அப்பால் போயிருந்தார். கூப்பிட்டேன். காற்றில் என் குரல் அவருக்கு எட்டவில்லை. அக்காவுக்கு மேலே இருந்த சாம் அண்ணனுக்குக் கேட்டது. அவர் எங்கள் வாலிபர் தலைவர். உடனே ஆணியைத் தாண்டி அக்காவின் பகுதிக்குள் இறங்க ஆரம்பித்தார். அவர் பின்னால் இன்னும் இருவர். எங்கள் சபையில் யாருக்கு என்ன என்றாலும் சுற்றி நின்று தலையில் கை வைத்து ஜெபிப்பதுதான் வழக்கம். அன்புதான். ஆனால் அந்த அன்பு அக்காவின் தலைக்கு மேலே மூன்று பேராக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"சாம் அண்ணே, மேல போங்க. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க."

"ஜெபிக்க வேண்டாமாம்மா?"

"அங்க நின்னே ஜெபிங்கண்ணே. ஆண்டவருக்குக் கேக்கும்."

அவர் திரும்பி ஏறினார். எங்களைவிட மூத்தவர், தலைவர் வேறு. அந்தக் கீழ்ப்படிதலை இன்றும் பெருமையாக நினைக்கிறேன். எல்லாரும் அவரவர் ஆணிகளுக்கு இடையிலேயே நின்று ஜெபித்தார்கள். அந்தச் சத்தம் பாறை முழுக்க ஏறி இறங்கியது.

நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். மேலே ஏற்ற ஆள் இல்லை. என்னிடம் கயிறு இல்லை. நான் அவள் பகுதிக்குள் போகக் கூடாது. பட்டியல் அங்கேயே முடிந்துவிட்டது. "ஆண்டவரே, நான் பார்க்காததை எனக்குக் காட்டும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் இடுப்பில் ஒரு குட்டையான மூன்றாவது கொக்கி தொங்கியது. ஓய்வெடுப்பதற்கென்றே வைத்தது. புறப்படும் முன் பாய் காட்டியிருந்தார். நான் தினமும் சோதிக்கிற எங்கள் சைட் சேஃப்டி பெல்ட்டில் அப்படியொன்று கிடையாது. அதனால் அது என் நினைவிலேயே தங்கவில்லை. அந்த நேரத்தில் கண்ணில் பட்டது.

"அக்கா, இடுப்புல சின்னக் கொக்கி இருக்குல்ல? அத நெஞ்சுக்கு நேரா இருக்க இரும்புப் படியில மாட்டு."

"ஒரு கைய விடணுமேட்டி."

"ஆமா, விடணும். ரெண்டு கொக்கியும் வடத்துலதான் இருக்கு, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நரம்பே தெரியாத பிள்ளைக்கு ஊசி போடுவேல்ல, அதே கைதான்."

"வாய் மட்டும் குறையல உனக்கு" என்றாள். அந்தக் கோபத்திலேயே வலக்கையை எடுத்தாள். கொக்கி மாட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. மெல்லப் பின்னால் சாய்ந்தாள். வார் அவளைத் தாங்கியது. இரண்டு கைகளையும் தொங்கவிட்டு உதறினாள். சாம் அண்ணன் மேலேயிருந்து "ஸ்தோத்திரம்" என்றார். அழுதது நான்தான், அவள் இல்லை.

பாய் திரும்பி வந்து, "கலாஸ்? முடிஞ்சுதா, இறங்கிடலாமா?" என்று கேட்டார். "மாஃபி, இல்ல பாய். யல்லா, மேல போலாம்" என்றாள் என் அக்கா. மீதி வழியெல்லாம் ஒவ்வொரு கொக்கியையும் அவளே மாற்றி, ஒருவர் கையையும் பிடிக்காமல் உச்சிக்கு வந்தாள்.

அன்றிலிருந்து என் வேலையை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. சைட்டில் ஒவ்வொரு பெல்ட்டைச் சோதிக்கும் முன்பும், நான் பார்க்காததைக் காட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்தால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், அந்தப் பாறையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்போது கை மரத்துப் போயிருக்கலாம். எல்லா வழியும் முடிந்துவிட்டது என்று நினைக்கலாம். நம்பிக் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டியதும், பயத்தோடேயே ஒரு கையை எடுங்கள். என் அக்கா எடுத்தாள். விழவில்லை.